கோடியும் பழந்துணியும்

அம்மாவின் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மாலையில், அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பாச்சை உருண்டை மணத்தோடு நூல் சேலைகள் அடுக்கடுக்காய் இருந்தன. மார்கழிக் குளிர் தருமபுரிப் பக்கத்தில் எலும்பைத் தொடும். ஆகவே இளையவள் ஒரு யோசனை சொன்னாள்: சேலைகளை வெட்டி ஒட்டுப் போர்வைகளாகத் தைப்போம், பேரப்பிள்ளைகளுக்குச் சில, முதியோர் இல்லத்திற்குச் சில.

அக்காவின் முகம் வாடிற்று. "அம்மா சேலையிலே கத்திரிக்கோல் வைக்கவா இவ்வளவு நாள் காத்திருந்தீங்க?" என்றார்.

அக்கேள்வி நியாயமானது. இறந்தோரின் உடைமையை அப்படியே காப்பதா அன்பு? அல்லது பயன்படுத்துவதா? பயன்படுத்துவது என்றால், யாருக்காக?

நம் வழக்கங்கள் இரண்டை எண்ணிப் பார்க்கலாம். இறந்தவருக்குக் கோடித்துணி போர்த்துகிறோம். புதிதாய், நனையாததாய் இருக்க வேண்டும் என்கிறோம். பிறந்த குழந்தையையோ பழந்துணியில்தான் ஏந்துகிறோம். தாத்தாவின் வேட்டியைக் கிழித்துச் சுற்றுகிறோம். பாட்டியின் சேலையில் தூளி கட்டுகிறோம். பலமுறை துவைத்த நூலே பச்சை உடம்பை உறுத்தாது என்பது பெண்கள் தலைமுறையாய்க் கண்ட உண்மை. எனவே, பழையது என்பதனாலேயே ஒரு துணி இழிவாகிவிடுவதில்லை. மிக மென்மையான உயிருக்கு நாம் தேர்ந்தெடுப்பதே அதைத்தான்.

இவ்வறிவு நமக்கு மட்டும் உரியதன்று. வங்கத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையலிட்டுக் 'காந்தா' செய்கின்றனர். கருநாடகத்தில் அது 'கௌதி'. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் கறுப்பின மக்களின் ஊர் இருக்கிறது. அங்கே மிசூரி பெட்வே என்ற பெண்மணி, மறைந்த கணவரின் வேலை உடைகளை வெட்டி 1942இல் ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதன் கீழ் உறங்குவதே அவருடைய நோக்கம். வெட்டியது அவருக்கு மறதியாகவில்லை, நினைவாயிற்று.

நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் வாழும் லம்பாடி மக்களிடையே மூதாட்டியரின் கைத்தையல் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. அதை அறிந்த முதியோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். 1993இல் அங்கே பழங்குடியினருக்கான மருத்துவப் பணியைத் தன் கணவர் ரெஜி ஜார்ஜுடன் தொடங்கிய மருத்துவர் லலிதாவின் ஊக்கத்தால், 2006 வாக்கில் இளம்பெண்கள் அம்மூதாட்டியரிடம் தையல் கற்கத் தொடங்கினர். அம்முயற்சிக்கு அவர்கள் இட்ட பெயர் 'போர்கை'; அவர்கள் மொழியில் பெருமிதம் என்று பொருள். பெட்டிக்குள் பூட்டிய மரபு மடியும். கைகளில் ஏறிய மரபே வாழும் என்பதை அவர்கள் காட்டினர்.

ஆகவே வெட்டலாம் என்று தெளிந்தோம். ஆனால் அதற்குப் பின்னரே எங்கள் உள்ளத்தின் கோணல் வெளிப்பட்டது. சேலைகளைப் பிரித்தபோது, எவரும் சொல்லாமலே இரு குவியல்கள் உருவாயின. சாயம் மங்காதவை பேரப்பிள்ளைகளுக்கு. இழை நைந்தவை முதியோர் இல்லத்திற்கு. அதைக் கண்டு முதலில் கூசியவர் அக்காதான்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபின், கடலோர ஊர்களுக்கு வந்த பழந்துணி மூட்டைகள் பலவும் உடுத்த இயலாதனவாய்ச் சாலையோரங்களில் கொட்டிக் கிடந்தன. அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு, அவ்வாறு மிஞ்சிய துணிகளைத் தரம் பிரித்துப் பயனாக்க முன்வர வேண்டியிருந்தது. அனுப்பியோர் கொடியவர்கள் அல்லர். தம் வீட்டு இடத்தைக் காலி செய்ததை ஈகை என்று நம்பினர், அவ்வளவே. குழந்தைக்குப் பழந்துணி தருகையில் குழந்தையை நினைக்கிறோம். ஏழைக்குப் பழந்துணி தருகையில் பல வேளை நம் அலமாரியை நினைக்கிறோம். துணி ஒன்றே, நினைவு வேறு.

பெட்டியில் உறங்கும் மேலாடை ஆடையற்றவருக்கு உரியது என்று நான்காம் நூற்றாண்டிலேயே புனித பசிலியார் கண்டித்துரைத்தார். உரியதைக் கொடுக்கும்போது கழித்ததைக் கொடுக்க முடியாது. யோப்பாவில் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியவை அவர் செய்துகொடுத்த ஆடைகள். அவை அவர்களுக்கென்றே தைக்கப்பட்டவை.

"புதுக் கம்பளி வாங்கிக் கொடுத்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதும், சில இடங்களில் அதுவே சிறந்தது. நம் தாயின் நினைவைச் சுமக்க வேண்டிய கடமை ஏழைக்கு இல்லை. புதியதை விரும்புவோருக்குப் புதியதே தரவேண்டும். எனவே இல்லத்து முதியோரை முதலில் கேட்டோம். சிலர் கம்பளி கேட்டனர், அதை வாங்கினோம். சிலர் நூல் போர்வையே இதம் என்றனர்.

தூர் நகரின் புனித மார்ட்டின், படைவீரராய் இருந்தபோது, அமியான் நகர வாயிலில் தம் மேலாடையை இரண்டாய் வெட்டிப் பாதியை இரவலனுக்கு ஈந்தார். அவருடையதெனப் போற்றப்பட்ட மேலாடையை அரசர்கள் திருப்பண்டமாய்க் காத்தனர். அதைக் குறித்த 'கப்பெல்லா' என்னும் சொல்லிலிருந்தே 'சாப்பல்' என்ற சொல் பிறந்தது. கொடுத்த பாதியை யாரும் பேழையில் வைக்கவில்லை. ஆயினும், அன்றிரவு மார்ட்டின் கண்ட காட்சியில் கிறிஸ்து அணிந்திருந்தது அந்தப் பாதியைத்தான்.

இரு குவியல்களையும் கலைத்தோம். நைந்த பகுதிகளை நீக்கி, ஒவ்வொரு சேலையையும் இரண்டாய் வெட்டினோம்: ஒரு பாதி பேரப்பிள்ளைக்கு, மறு பாதி பெயரறியாத ஒருவருக்கு. அம்மாவின் கூறைச்சேலையை மட்டும் வெட்டவில்லை, அக்கா கேட்டுக்கொண்டார். அன்பு எல்லாவற்றையும் வெட்டச் சொல்வதில்லை.

ஆனால் முதல் சேலையில் கத்திரிக்கோல் வைத்தவர் அக்காதான். கை நடுங்கிற்று, வெட்டு நேராய் விழுந்தது.