காலணிக்கு இடைஞ்சலான விரல்

அலாஸ்காவில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடக்கும் இடிட்டராட் பனிவண்டிப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு: நாய் ஒன்றுக்கு எட்டுக் காலணிகள் இருந்தாக வேண்டும். காலில் மாட்டியிருப்பதும் வண்டியில் ஏற்றியிருப்பதும் சேர்த்து எட்டு. 1973இல் தொடங்கிய இந்தப் பந்தயம் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீள்கிறது. பத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் ஒருவர், ஒரே பந்தயத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட காலணிகளைத் தயாராக வைத்திருப்பது அங்கே வியப்பான செய்தியல்ல.

காலணி என்றதும் அட்டையும் கயிறும் வைத்த பூட்ஸை நினைத்துக்கொள்ள வேண்டாம். கெட்டியான நைலான் துணியில் தைத்த சிறு பை, வாயில் ஒரு வெல்க்ரோ பட்டை, அவ்வளவுதான். பனி விரலிடுக்கில் புகுந்து உருண்டு கட்டியாகும். கடுங்குளிரில் பனித்துகள் உப்புத்தாள் மாதிரி பாதத்தைத் தேய்க்கும். இரண்டையும் இந்தப் பை தடுக்கிறது. ஓய்வு நேரத்தில் ரத்த ஓட்டம் தடைபடாமலிருக்கக் கழற்றிவிட வேண்டும், கிளம்பும்போது மறுபடி மாட்ட வேண்டும். பட்டையைச் சரியான இறுக்கத்தில் ஒட்ட வேண்டுமானால் கையுறை உதவாது. நாயின் பாதத்தைக் காக்கத் தன் விரல்களை உறைபனியில் நீட்டுகிற மனிதரைக் கொடுமைக்காரர் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது.

சிக்கல் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. முன்னங்காலின் உட்புறத்தில், மற்ற நான்கு விரல்களுக்கும் மேலே, நிற்கும்போது தரையைத் தொடாத ஒரு விரல் உண்டு. மருத்துவர்கள் அதை டியூகிளா என்பார்கள். எலும்புக் கணக்குப்படி அது நாயின் கட்டைவிரல். பட்டை இறுகும் இடத்தை ஒட்டியே அது இருப்பதால், ஓட ஓட உரசித் தோல் வழன்று புண்ணாகிறது. பனிப்பாளத்தில் நகம் மாட்டிக் கிழிவதும் உண்டு. ஆகவே பல கொட்டில்களில் குட்டி பிறந்த சில நாட்களிலேயே அந்த விரலை வெட்டிவிடுகிறார்கள். காலைக் காக்க வந்த பொருளுக்காகக் காலின் ஒரு பகுதி போகிறது.

இதைத் தையல்காரரின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் உள்ளே ஒரு பழைய கேள்வி உட்கார்ந்திருக்கிறது: ஓர் உடலில் எது வேண்டாத உறுப்பு என்று யார் முடிவு செய்வது?

இயற்கை எதையும் வீணாகச் செய்வதில்லை என்பது அரிஸ்டாட்டிலின் நிலைப்பாடு. 1859இல் டார்வின் அதை அசைத்தார். மூதாதையரிடம் பயன்பட்டுப் பின்னர் சிறுத்துப்போன உறுப்புகள் உடல்களில் எஞ்சி நிற்கின்றன என்று காட்டினார். விரலை வெட்டுபவர்களுக்கு டார்வின் துணைக்கு வருவதுபோலத் தோன்றும். ஆப்பிரிக்கக் காட்டுநாயையும் சாட்சிக்கு அழைக்கலாம். நெடுந்தூரம் ஓடி வேட்டையாடும் அந்த விலங்குக்கு முன்னங்காலில் வெளியே தெரிவது நான்கே விரல். ஆனால் 2020இல் வெளியான உடற்கூற்று ஆய்வு ஒன்று, தோலுக்கடியில் கட்டைவிரலின் சிறு எலும்பு மிச்சமிருப்பதையும் அதைச் சுற்றிய தசைகள் வேறு வேலைக்கு மாறியிருப்பதையும் கண்டது. தலைமுறை தலைமுறையாகத் தசையும் தசைநாரும் இடம்மாறி நடந்த காரியத்தைக் கத்திரிக்கோல் ஒரு நிமிடத்தில் செய்துவிட்டதாகச் சொல்வது டார்வினைப் பாதி படித்தவர் பேச்சு.

நாயின் முன்னங்கால் விரலும் வெறும் தொங்கட்டான் அல்ல. எலும்பும் தசைநாரும் இணைந்த உறுப்பு அது. பாய்ச்சலில் மணிக்கட்டு தாழ்ந்து மடங்கும்போது அது தரையைத் தொடுகிறது, திருப்பத்தில் ஊன்றுகோலாகிறது. எலும்பைக் கடிக்கும் நாயைப் பார்த்தாலே அது எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பது தெரியும். பின்னங்காலில் சில நாய்களுக்கு இருப்பதுதான் பெரும்பாலும் தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். வேடிக்கை என்னவென்றால், பிரெனீஸ் மலைநாய்க்குப் பின்னங்காலில் அந்த விரல் இரட்டையாக இல்லாவிட்டால் கண்காட்சியில் குறை என்கிறார்கள்! நார்வேயில் கடற்பாறைகளில் ஏறிப் பஃபின் பறவையைப் பிடித்த லுண்டஹுண்ட் நாய்க்குக் காலுக்கு ஆறு விரல். அதுதான் அதன் பெருமை. பாறை ஏறுபவருக்கு வரம், வண்டி ஓட்டுபவருக்குத் தொல்லை. நாயின் கணக்கை இங்கே யாரும் கேட்கவில்லை.

மகாபாரதத்தில் நாயும் கட்டைவிரலும் ஒரே கதையில் வருகின்றன. குரைத்த நாயின் வாயில் ஏகலைவன் ஏழு அம்புகளைச் செலுத்துகிறான். அந்தத் திறமை துரோணர் காதுக்கு எட்டுகிறது. கட்டைவிரல் குருதட்சிணையாகப் போகிறது. அவன் விரல் போனது, அது மிகையாகப் பயன்பட்டதால். நாயின் விரல் போவது, பயன் இல்லை என்பதால். காரணங்கள் எதிரெதிர். ஆனால் இரண்டு இடத்திலும் பயனை அளந்தவர் விரலுக்கு உரியவர் அல்லர். ஏகலைவனிடமாவது கேட்டார்கள்.

அமெரிக்க மெய்யியலாளர் பெர்னார்ட் ரோலின், கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு அறவியல் கற்பித்தவர். ஒவ்வொரு விலங்குக்கும் தனக்கே உரிய இயல்பு உண்டு, அதை மதிப்பதே அறம் என்றார். கூடவே, விலங்கின் இயல்பையே மாற்றி அதன் துன்பத்தைக் குறைக்க முடிந்தால் அந்த விலங்குக்கு அநியாயம் நேரவில்லை என்றும் வாதிட்டார். இந்த இரண்டாவது வாதம் கொட்டில்காரருக்குச் சாதகம்: ஓடுவதுதான் இந்த நாயின் இயல்பு, விரலை எடுத்தால் புண் இல்லாமல் ஓடும். தொடக்கக் கோட்டில் வாரை இழுத்துக்கொண்டு ஊளையிடும் நாய்களைப் பார்த்தவர்கள் இதை எளிதில் மறுக்க மாட்டார்கள். ஆனால் சூழலை விலங்குக்கேற்ப மாற்றுவதே மேல், விலங்கைச் சூழலுக்கேற்ப மாற்றுவது இரண்டாந்தரம் என்று ரோலினே ஒப்புக்கொண்டார். இங்கே மாற்ற வேண்டிய சூழல் ஒரு துணிப்பை. பட்டையைச் சற்று மேலேயோ கீழேயோ நகர்த்தலாம், கழுத்தை நீட்டி மென்மையான துணி வைக்கலாம், விரலைச் சுற்றிக் கட்டு போடலாம். இவற்றைச் செய்து விரலோடு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

சட்டம் இதில் தயங்கி நிற்கிறது. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் உடல் சிதைப்பைத் தடுக்கிறது. வாலை வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு வைக்கிறது. ஆனால் மறு ஆண்டு வந்த விதிகள் டியூகிளா அகற்றலை அனுமதித்த செயல்களின் பட்டியலில் சேர்த்தன. வளர்ந்தபின் கிழிந்தால் மயக்க மருந்து, தையல், வாரக்கணக்கில் வலி என்ற மருத்துவ வாதத்துக்கு எடை உண்டு. ஆனால் கிழியாமலே வாழ்ந்து முடிக்கும் நாய்களை அந்த வாதம் எண்ணிக்கொள்வதில்லை.

அதைவிட முக்கியம், வெட்டும் நேரம். பிறந்து சில நாளில், கண் திறக்கும் முன்பே விரல் போகிறது. அந்தக் குட்டி வண்டி இழுக்குமா, வேகம் இருக்குமா, அணியில் இடம் கிடைக்குமா என்பது பல மாதம் கழித்துத்தான் தெரியும். தேறாதவற்றில் பல வீட்டு நாய்களாகப் போய்ச் சேருகின்றன, ஒரு காலணியைக்கூட மாட்டிக்கொள்ளாமல்.