ஹாரூனாக நிற்பவர் யார்?

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஜமாஅத் கலைந்த பின் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் தம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத், பையன் பத்து நாளா ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறான். கேட்டா வயித்து வலிங்கிறான். டாக்டர் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டார். கொஞ்சம் ஓதி ஊதி விடுங்க" என்றார்.

ஓதி ஊதினேன். பிறகு அத்தாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பையனை அருகில் அமர்த்திக் கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது நா தடுமாறியது. அவனுக்குத் திக்குவாய் உண்டு. வகுப்பில் ஆசிரியர் பெயரைக் கூப்பிட்டால், இவன் பதில் சொல்லுமுன் நான்கு பேர் இவனைப் போலவே திக்கிக் காட்டுகிறார்களாம். அதையே பட்டப் பெயராகவும் வைத்துவிட்டார்களாம். சாப்பாட்டு டப்பாவை ஒளித்து வைப்பதும், வீட்டில் சொன்னால் உதைப்போம் என்று மிரட்டுவதும் நாள்தோறும் நடந்திருக்கிறது.

அந்த நால்வர் யார் என்று கேட்டேன். மூவர் என்னிடம் காலை மதரஸாவில் ஓதும் பிள்ளைகள்!

அதைவிட என்னைத் தலைகுனிய வைத்தது வேறொன்று. அந்தப் பட்டப் பெயர் பிறந்ததே என் மதரஸாவில்தான். ஒரு நாள் இவன் ஓதும்போது ஓர் எழுத்தில் சிக்கித் திணறினான். ஒருவன் அதைப் பாவனை செய்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் புன்னகைத்தேன். எனக்கு அது ஒரு நொடி. பிள்ளைகளுக்கோ, ஹஜ்ரத் கொடுத்த அனுமதி.

அன்பார்ந்த சகோதரர்களே! இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பருவமடையாத பிள்ளைகளின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருப்பதாக ஹதீஸ் கூறுகிறது. அப்படியானால் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வதும் மிரட்டுவதும் விளையாட்டுத்தானா? குற்றமே இல்லையா?

குற்றம் பிள்ளையின் ஏட்டில் எழுதப்படாமல் இருக்கலாம். ஆனால் அடிபட்ட பிள்ளையின் கண்ணீர் கணக்கில்லாமல் போய்விடுமா? நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், உங்கள் பொறுப்பில் உள்ளவர் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்னும் கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் போதித்துச் சென்றார்களே! எழுதுகோல் பிள்ளையைவிட்டு உயர்த்தப்பட்டால், அது தகப்பனின் பக்கமும் உஸ்தாதின் பக்கமும் திரும்புகிறது என்பதே என் அச்சம்.

கேலி செய்யாதீர்கள், பட்டப் பெயர் சூட்டி அழைக்காதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-வது வசனத்தில் அல்லாஹ் தடுக்கிறான். கேலி செய்யப்படுபவர் கேலி செய்பவரைவிட மேலானவராக இருக்கக்கூடும் என்று காரணமும் கூறுகிறான். திக்கித் திணறி, சிரமப்பட்டுக் குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற நற்செய்தியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் காண்கிறோம். என் மதரஸாவில் இரட்டைக் கூலிக்குரியவன் இவன் ஒருவனே. அவனைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்திருக்கிறோம்!

மூஸா (அலை) அவர்களுக்கும் நாவில் தடை இருந்தது. அவர்களைத் தெளிவாகப் பேசத் தெரியாதவர் என்று ஏளனம் செய்தவன் யார்? பிர்அவ்ன்! ஸுக்ருஃப் அத்தியாயம் இதைச் சொல்கிறது. ஒரு பிள்ளையின் பேச்சை, நிறத்தை, ஏழ்மையை, பெற்றோரின் தொழிலைச் சொல்லிச் சிரிக்கும்போது நாம் யாருடைய வரிசையில் நிற்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

"சின்னப் பிள்ளைகள் சண்டை, நாளைக்குச் சரியாகிவிடும்" என்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? தன்னைத் துன்புறுத்திய சக மாணவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் முறையிட்டதற்காக, பட்டியல் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். காக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்களும் மாணவர்களே. அதன்பின் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2024-இல் அறிக்கையும் பெற்றது. அரிவாள் வரை போன அந்தப் பகை, வகுப்பறைத் தொல்லையாகத்தான் தொடங்கியது. தொடங்கிய இடத்திலேயே கைநீட்டித் தடுத்திருக்க வேண்டியவர்கள் பெரியவர்கள் அல்லவா?

அநீதி இழைக்கப்பட்டவனாயினும் அநீதி இழைப்பவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்றும், அநீதி இழைப்பவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்றும் விளக்கினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். நாம் மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் "உன்னை யாராவது அடித்தார்களா?" என்று கேட்கிறோம். "நீ யாரையாவது அழ வைத்தாயா?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்? இந்த இரண்டாவது கேள்விதான் கடினமானது. அதைக் கேட்கும் தகப்பனே தன் பிள்ளைக்கு உண்மையில் உதவுகிறான்.

ஜமாஅத்துக்கும் இதில் கடமை உண்டு. சந்தாக் கணக்குப் பார்க்க நம்மில் ஆள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்க ஆள் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் தாய்மார்கள் அதில் அமரட்டும். பள்ளிக்கூடம் செவிசாய்க்காவிட்டால், தமிழகத்தில் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணும் இருக்கின்றன. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இவற்றை எழுதி வைப்பது பெரிய செலவல்ல. ஆனால் தவறு செய்த பிள்ளையின் பெயரைச் சபையில் கூறி அவமானப்படுத்தாதீர்கள். கேலியைக் கேலியால் திருத்த முடியாது.

நாங்கள் என்ன செய்தோம்? நால்வரின் தகப்பன்மாரையும் தனித்தனியே சந்தித்தேன். ஒருவர், "விளையாட்டுக்குச் சொன்னதையா பெரிசு பண்றீங்க?" என்று கோபித்தார். மற்ற மூவரும் பிள்ளைகளை அழைத்துச் சென்று மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். பையனின் அத்தா பள்ளிக்கூடம் சென்று வகுப்பாசிரியரிடம் நிலைமையை விளக்கினார். மறுநாள் மதரஸாவில், எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, நான் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்காமல் மற்றவர்களுக்குப் பாடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவனுக்கு இன்றும் நா தடுமாறுகிறது. ஆனால் பள்ளிக்கூடம் போகிறான். அந்த நால்வரில் ஒருவன் தினமும் அவன் வீட்டு வாசலில் நின்று அழைத்துப் போகிறான்.

மூஸா (அலை) அவர்கள் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு மட்டும் இறைஞ்சவில்லை. தமக்குத் துணையாகத் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களையும் கேட்டார்கள், அல்லாஹ் கொடுத்தான். முடிச்சை அவிழ்ப்பது அவன் செயல். துணை நிற்பது நம்மால் ஆகக்கூடியது. நம் தெருவில் திணறி நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஹாரூன் வேண்டும்.

நம் பிள்ளைகளை ஏளனம் செய்வோரின் வரிசையிலிருந்து விலக்கி, துணை நிற்போரின் வரிசையில் வல்ல அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன்.