யார் கையை யார் பிடிப்பது?

மேற்கு வங்காளத்தின் வீர்பூம் மாவட்டத்தில், அஜய் நதிக்கரையில் கெந்துலி என்ற சிற்றூர் உள்ளது. கீதகோவிந்தம் இயற்றிய ஜயதேவரின் ஊராக வங்காள மக்கள் அதைப் போற்றுகின்றனர். ஆண்டுதோறும் மகர சங்கராந்தியை ஒட்டி அங்கே பெரும் திருவிழா கூடுகிறது. மக்கள் விடியற்குளிரில் நதியில் நீராடுகின்றனர். பாவுல் பாடகர்கள் ஏக்தாராவை மீட்டி இரவு முழுவதும் பாடுகின்றனர். 2005-இல் யுனெஸ்கோ சிறப்பித்து அறிவித்த, 2008-இல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட பாடல் மரபு அது.

இத்தகைய திருவிழாக்களுக்குக் கைக்குழந்தைகளையும் சிறு பிள்ளைகளையும் சுமந்துகொண்டு வரும் பெற்றோர் பலர். அவ்வளவு பெரிய கூட்டத்திற்குள் அவர்களை அழைத்துச் செல்வது தர்மமா?

‘அழைத்துச் செல்லத்தான் வேண்டும். நல்ல சம்ஸ்காரங்கள் விதைக்கப்படும் வயது அது. பாட்டும், எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் காட்சியும் குழந்தையின் மனத்தில் தங்கிவிடும்’ என்பர் சிலர். ‘வேண்டாம். பெரியவர்களுக்குத் திருவிழாவாகத் தெரிவது, அவர்களின் முழங்கால் உயரமே உள்ள குழந்தைக்கு அசைகின்ற கால்களின் காடாகவே தெரியும். அச்சத்தில் எந்த சம்ஸ்காரம் விளையும்?’ என்பர் வேறு சிலர்.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இவ்விரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உள்ளது: நாம் யாருக்காகச் செல்கிறோம்? மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்றார் மேலைநாட்டுத் தத்துவ ஞானி காண்ட். நமது புண்ணியத்திற்காகவோ, ‘நாங்களும் போய்வந்தோம்’ என்ற பெருமைக்காகவோ பசியும் உறக்கமும் கெட்ட குழந்தையை நெரிசலில் இழுத்துச் சென்றால், அக்குழந்தை நமக்குக் கருவியாகிவிடுகிறது. அங்கே பக்தியின் வேடத்தில் நிற்பது ‘நான்’ என்னும் அகங்காரமே.

வயல் வரப்பில் தந்தையுடன் நடக்கும் இரு பிள்ளைகளைப் பற்றி ஸ்ரீராமகிருஷ்ணர் கூறுவார். தந்தையின் கையைத் தானே பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளை, ஏதோ ஒரு வேடிக்கையில் கையை விட்டுவிட்டு விழக்கூடும். தந்தையே கையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு அந்த அச்சம் இல்லை. பக்தன் இறைவனைச் சார்ந்திருக்க வேண்டிய முறையைக் காட்டும் உவமை இது. இதில் பெற்றோருக்கும் ஒரு பாடம் உண்டு. ‘கையை விடாதே’ என்று குழந்தைக்குக் கட்டளையிடுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. பிடிக்க வேண்டிய கை நம்முடையது. பலூனைக் கண்டதும் கையை விடுவது குழந்தையின் இயல்பு. அது அதன் குற்றமாகாது.

தவறிப்போகும் குழந்தைகளின் துயரை உணர்ந்த ராஜாராம் திவாரி என்ற அன்பர், 1946-இல் பிரயாகையின் மேளாவில் காணாமற்போனவர்களுக்கென ஒரு முகாம் தொடங்கினார். 2016-இல் மறையும்வரை அப்பணியைத் தொடர்ந்தார். தாயின் பெயரைக் கேட்டால் ‘அம்மா’ என்று மட்டுமே சொல்லத் தெரிந்த குழந்தையை அதன் வீட்டாரிடம் சேர்ப்பது எத்துணை கடினம்! பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைக் குழந்தையின் சட்டைப்பையில் வைப்பதும், முக்கிய நாளைத் தவிர்த்து வேறு நாளில் செல்வதும், கூட்டம் பெருகுமுன் திரும்புவதும் பக்திக் குறைவு ஆகா. அவை பக்தியின் அங்கங்களே.

பாவுல்கள் தேடும் ‘மனத்தின் மனிதன்’ வெளியே எங்கும் இல்லை; இந்த மனித உடலிலேயே உறைகிறான் என்பது அவர்களின் கொள்கை. அதைக் கேட்கச் சென்றவர், தம் தோளில் சாய்ந்து அழும் குழந்தையை மறந்தால் அந்தப் பாட்டைக் கேட்டவர் ஆகார். சிவனே ஜீவனாக விளங்குகிறான் என்ற உணர்வோடு சேவை செய்வதே நம் நெறி. குழந்தை வாடுவதைக் கண்டு, நீராடாமலே திரும்பும் தாய் எந்தப் புண்ணியத்தையும் இழப்பதில்லை. தன் விருப்பத்தையே அவள் அர்ப்பணித்துவிட்டாள். தீர்த்த யாத்திரையின் பயனும் அதுவன்றோ?

‘இறைவா, நான் உன் கையை விட்டாலும் நீ என் கையை விடாதே’ என்று நாம் அன்றாடம் வேண்டுகிறோம். திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தை, சொல்லத் தெரியாமலே, அதே வேண்டுதலை நம்மிடம் வைக்கிறது. அதை நிறைவேற்றிவிட்டு நம் வேண்டுதலை இறைவனிடம் வைப்போம்.