செட்டியார் கொடுத்த இடம்

ஓய்வு பெறப்போகும் ஆசிரியர் தம் இடத்துக்குத் தாமே ஆள் தேடிப் போவது இன்று நடக்காத காரியம். 1880இல் நடந்திருக்கிறது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த வித்துவான் தியாகராச செட்டியார் வேலையிலிருந்து விலக நினைத்தார். திருவாவடுதுறை மடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஓர் இளைஞர்தான் தமக்குப் பின் அந்த வகுப்புக்கு வர வேண்டும் என்று உறுதியாக இருந்தார். மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் போய்க் கேட்டார். தேசிகருக்கு அனுப்ப மனமில்லை. அருமையாக வளர்த்த பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் தகப்பனின் நிலைதான் அவருக்கு. கடைசியில் இசைந்தார்.

அந்த இளைஞர் உ. வே. சாமிநாதையர். 1880 பிப்ரவரி 16 அன்று கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது. சம்பளம் மாதம் 50 ரூபாய்.

அவரை நாம் பதிப்பாசிரியராகவே நினைத்துப் பழகிவிட்டோம். ஏடு, கரையான், வண்டிப் பயணம், அச்சுக்கூடம். அது உண்மைதான், ஆனால் அவர் சோறு உண்டது கல்லூரி வேலையால். கும்பகோணத்தில் இருபத்துமூன்று ஆண்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் பதினாறு ஆண்டு. மணி அடித்ததும் வகுப்புக்குப் போய், வருகை பார்த்து, தேர்வுக்கு வைத்த செய்யுளை நடத்தி, விடைத்தாள் திருத்திய மனிதர். இந்தக் குறிப்புகளில் அந்த ஆசிரியரைப் பற்றியே நினைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஓய்வு பெற்ற பின் அவர் என்ன செய்தார் என்பதைக் குறித்து இன்னும் கூடுதலாக.

*

செட்டியாரும் சாமிநாதையரும் ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. செட்டியார் மூத்தவர், ஐயர் கடைசிக் காலத்து மாணவர். பிள்ளையவர்களுக்குக் கல்லூரியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. பாடம் சொல்வதற்குப் பணம் வாங்கியதில்லை. மாணவர்களுக்கு உணவுக்கும் வழி செய்து பாடம் சொன்னார். தாம் கடனில் இருந்தார். 1876 பிப்ரவரி 1 அன்று மறைந்தார். வேலைக்கு முடிவுத் தேதி என்று ஒன்று இல்லாத தலைமுறை அது. மூச்சு நிற்கும்வரை பாடம்.

அடுத்த தலைமுறையில் செட்டியாருக்கு மாதச் சம்பளம் வந்தது, விலகும் நாளும் வந்தது. அந்த நாள் வந்தபோது அவர் பார்த்தது ஒன்றைத்தான். தம் ஆசிரியரிடம் வாங்கியது தம்மோடு நின்றுவிடக் கூடாது. கல்லூரிப் பதவியைக்கூட அவர் குருகுலத்துச் சொத்தாகவே கருதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசாங்கம் அதற்குச் சம்பளம் கொடுத்தது, அவ்வளவுதான்.

*

அந்நாளைய கல்லூரியில் தமிழுக்கு இருந்த இடத்தை மறந்துவிடக் கூடாது. ஆங்கிலமும் கணிதமும் தத்துவமும் சொல்லித்தந்தவர்களுக்கு ஒரு மதிப்பு, ஒரு சம்பளம். தமிழ்ப் பண்டிதருக்கு வேறு மதிப்பு, மிகக் குறைந்த சம்பளம். மாணவர்களின் கண் ஆங்கிலத்தின் மேல் இருந்தது, உத்தியோகம் அந்த வழியாகத்தான் வரும். அப்படிப்பட்ட வகுப்பில் ஐயர் செய்யுளை இசையோடு படித்துப் பொருள் சொன்னார். தகப்பனார் சங்கீதக்காரர். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சில காலம் இசையும் பயின்றிருந்தார். இசை வந்ததும் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மதிப்பு இல்லாத பாடத்தை எடுத்தவருக்கு இது தெரியும்: குரலில்தான் முதலில் வகுப்பைப் பிடிக்க வேண்டும், பொருள் பிறகு வரும்.

*

சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். முதலியார் அவர் படித்த நூல்களைக் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியாருக்கு அது நிறைவளிக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை.

தமிழ் இலக்கிய வரலாற்றில் இந்தச் சந்திப்பைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். எனக்கு இதற்கு அடுத்து நடந்ததுதான் பெரிது. சிந்தாமணி சைன காவியம். படிக்கத் தொடங்கியபோது அதன் சமயக் கருத்துகள் சைவ மடத்தில் பயின்றவருக்குப் பிடிபடவில்லை. உடனே கும்பகோணத்துச் சைனர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டார். பகலில் கல்லூரியில் ஆசிரியர். மற்ற நேரத்தில், பிற சமயத்தார் வீட்டுத் திண்ணையில் மாணவர். வேலை கிடைத்த முதல் ஆண்டு அது. ‘எல்லாம் தெரிந்தவர்’ என்று பெயர் எடுக்க வேண்டிய காலத்தில் ‘எனக்குத் தெரியாது, சொல்லுங்கள்’ என்று போவதற்கு ஒரு துணிவு வேண்டும். நல்ல ஆசிரியருக்கு நான் வைக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குப் போய் அச்சு வேலை பார்த்தார். அச்சுச் செலவுக்கு, நூலை வாங்குவதாக முன்கூட்டியே கையொப்பமிடுவோரைச் சேர்த்தார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. கும்பகோணம் கல்லூரியின் கோடை விடுமுறைகளுக்குத் தமிழ் கடன்பட்டிருக்கிறது.

*

1903இல் மாநிலக் கல்லூரிக்கு மாற்றம். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம். 1919இல் ஓய்வு. அப்போது வயது 64.

திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டுக்குத் ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயர் வைத்திருந்தார். தமக்கு இடம் கொடுத்த செட்டியாரின் பெயர். செட்டியார் 1888இலேயே மறைந்துவிட்டார். அவர் பார்க்காத வீட்டில், வாசலில் அவர் பெயர். அந்த வீடு இன்று இல்லை. 2012இல் இடித்துவிட்டார்கள். காப்பாற்றியிருக்க வேண்டும். ஒரு நன்றி கல்லாக நின்றதைத் தமிழ்நாடு காப்பாற்றவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

*

ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர்கள் பலரை நான் அறிவேன். பணி நிறைவு விழாவில் பொன்னாடை, மாலை, நாலு பேர் பேச்சு. அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கை சட்டையைத் தேடும், போக இடம் இருக்காது. சிலர் அந்த வெறுமையிலிருந்து மீள்வதே இல்லை. படித்ததும் சேர்த்ததும் அவர்களோடு உள்ளே தங்கிவிடுகின்றன. கேட்க ஆளில்லை.

ஐயருக்கு 1919க்குப் பிறகு இன்னும் இருபத்துமூன்று ஆண்டு கிடைத்தது, கும்பகோணத்தில் வேலை பார்த்த அளவு காலம். சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924இலிருந்து 1927 வரை தலைவராக இருந்தார். உடல்நலம் குன்றியதால் சென்னைக்குத் திரும்பினார். பதிப்பு வேலையும் நிற்கவில்லை. குறுந்தொகையை 1937இல், எண்பத்திரண்டாம் வயதில், தாமே உரை எழுதி வெளியிட்டார்.

ஆனால் இந்தக் காலத்தில் அவர் கையில் புதிதாக ஒன்று வந்தது: உரைநடை. பழைய நூலின் முகவுரையும் குறிப்பும் எழுதிய கை, மனிதர்களைப் பற்றி எழுதத் தொடங்கியது. எழுபத்தெட்டாம் வயதில் பிள்ளையவர்களின் சரித்திரம் முதல் பாகம் வந்தது, 1933இல். அடுத்த ஆண்டு இரண்டாம் பாகம். பின் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகாவைத்தியநாதையர். தியாகராச செட்டியார் பற்றியும் ஒரு நூல் எழுதினார். தமக்குப் பாடம் சொன்னவர், இசை சொன்னவர், இடம் கொடுத்தவர் என்று ஒவ்வொருவராக. பதவியில் இருந்தபோது நூல்களை மீட்டவர், ஓய்வில் ஆசிரியர்களை மீட்டார். பிள்ளையவர்கள் எப்படிப் பாடம் சொன்னார், எப்போது கோபித்துக்கொண்டார், வறுமையில் எப்படி இருந்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரிவது ஓர் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர் சோம்பாமல் உட்கார்ந்து எழுதியதால்தான்.

இவற்றைப் பதிப்பு வேலைக்கு அடுத்த படியில் வைப்பது வழக்கம். நான் அப்படி வைக்க மாட்டேன். புறநானூற்றை அவர் இல்லாவிட்டாலும் இன்னொருவர் பின்னாளில் அச்சிட்டிருக்கக் கூடும். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வகுப்பறையை வேறு யாராலும் எழுதியிருக்க முடியாது.

*

எண்பத்தைந்தை நெருங்கியபோது, 1940 ஜனவரியில், ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடங்கியது. 122 அத்தியாயம் வந்து நின்றுபோனது. பாதிக்கு மேல் கல்லூரியில் சேர்வதற்கு முந்திய வாழ்க்கை. தந்தையோடு ஊர் ஊராகப் போனது, நல்ல ஆசிரியர் கிடைக்காமல் ஏங்கியது, கிடைத்த பின் அவர் நிழலில் இருந்தது. சென்னைக்கு மாறிய கதையே அதில் இல்லை. பட்டங்கள் இல்லை. ஓய்வு பெற்ற நாள் இல்லை. அவர் முடிக்க நினைத்திருப்பார், காலம் இடம் தரவில்லை. ஆனாலும் அவர் நின்று நிதானமாகச் சொன்னது தாம் மாணவராக இருந்த காலத்தையே. முப்பத்தொன்பது ஆண்டு கற்பித்தவர் தம் வாழ்க்கை என்று நினைத்தபோது, கற்ற ஆண்டுகள் முன்னே வந்து நின்றிருக்கின்றன. அந்நூலைப் படிக்கும்தோறும் இந்த இடத்தில் என் மனம் நின்றுவிடும்.

போர்க்காலத்தில் சென்னை மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி வெளியூர்களுக்குப் போனபோது அவரும் திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். 1942 ஏப்ரல் 28 அன்று அங்கே காலமானார்.

*

உங்கள் தெருவிலோ பக்கத்து ஊரிலோ ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவரைப் போய்ப் பாருங்கள். அவருடைய சாதனைகளைக் கேட்க வேண்டாம். அவருக்குப் பாடம் சொன்னவர் யார், எப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.