உயிருக்கு விலை குறித்தல் அறமாகுமா?

விலை உள்ள பொருளுக்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம்; ஈடு வைக்க இயலாதது கண்ணியம் உடையது என்றார் ஜேர்மனிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் (1785). மனிதன் இரண்டாவது வகையைச் சார்ந்தவன் என்பது அவர் துணிபு. இதனை மறுப்பார் அரியர். ஆயினும் இக்கொள்கையைக் கைக்கொண்டு ஒரு நாட்டின் திறைசேரியினுள் நுழைவோர்க்கு இடர்ப்பாடு தொடங்கிவிடுகின்றது. அங்குள்ள பணம் அளவுடையது. ஒரு வைத்தியசாலையில் புதிய சத்திரசிகிச்சைக் கூடம் அமைத்தால், அதே பணத்தைக் கொண்டு கிராமங்களில் கிணறு வெட்டவோ மருத்துவ மாதரை நியமிக்கவோ இயலாது. ஒன்று தெரிவுசெய்யப்படும்போது மற்றையது கைவிடப்படுகின்றது. கைவிடப்பட்டதன் காரணமாகச் சிலர் இறக்கவும் கூடும். "உயிர் விலைமதிப்பற்றது" என மேடையில் முழங்கிவிட்டு வந்து வரவுசெலவுத் திட்டத்திற் கையொப்பமிடும் அமைச்சரும் ஒரு விலையைக் குறித்தவரே. அவ்விலை எவர் கண்ணுக்கும் புலப்படாதிருப்பது அவருக்கு வசதியாகின்றது.

எனவே, உயிரைக் கணக்கில் எடுத்தமைக்காக மட்டும் சுகாதாரப் பொருளியலாளரைக் குறை கூறுதல் பொருந்தாது. அவர்கள் எந்நிறைகல்லால் நிறுக்கின்றனர் என்பதே வினவற்பாலது.

பதினேழாம் நூற்றாண்டிலே, இலண்டனைக் கொள்ளைநோய் வாட்டிய பின்னர், மக்களை நகரிலிருந்து அகற்றிக் காப்பதற்காகும் செலவையும் காக்கப்படும் உயிர்களின் பெறுமதியையும் ஒப்பிட்டவர் வில்லியம் பெற்றி. மனிதனின் உழைப்பு ஈட்டித்தரும் வருமானமே அவர் கொண்ட நிறைகல். நோயைத் தடுப்பது அரசுக்கு இலாபம் என்று காட்டியமையால் அவர் கணக்கு நன்மையே கருதியது எனலாம். ஆனால் அந்நிறைகல் யாரை இலேசாக்கும் என்பது வெளிப்படை. முதியோர், ஊதியமின்றி வீட்டில் உழைக்கும் பெண்டிர், குறைந்த கூலி பெறுவோர் ஆகியோரின் உயிர் தராசில் மேலெழுந்துவிடுகின்றது.

இலங்கையின் பெருந்தோட்டங்கள் இதற்குத் தக்க சான்று. தொழிலாளருக்கான மருத்துவ வசதி பற்றிய சட்டம் 1872இலேயே இயற்றப்பட்டது. எனினும் அங்கு சுகாதாரம் பேணப்பட்டமை, பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் கை ஓயாதிருத்தல் வேண்டும் என்ற அளவிலேயே. பறிக்கும் பருவம் எய்தாத குழந்தைக்கு அக்கணக்கில் இடமேது? இலங்கை குறைந்த செலவில் நிறைந்த சுகாதாரம் கண்ட நாடென்று உலக ஆய்வாளர் புகழத் தொடங்கிய காலத்திலும் நிலை பெரிதும் மாறவில்லை. 1970களில் தோட்டப்புறக் குழந்தை இறப்பு வீதம் நாட்டின் சராசரியைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகவும், சில ஆண்டுகளில் அதற்கு மேலாகவும் இருந்தது. சராசரி பொய்யன்று, ஆனால் லயன் அறையின் இருளை அது காட்டாது.

கட்டணத்தின் கதையும் இத்தகையதே. 1971இல் அரசாங்க வைத்தியசாலைகளின் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்தது. அற்பத் தொகைதான். ஆயினும் நோயாளர் வருகை குறைந்தது. 1977இல் கட்டணம் நீக்கப்பட்டது. வராதவர்களுள் எவர் உண்மையாகவே நோயுற்றிருந்தார், எவர் வீணே வருபவர் என்று வைத்தியசாலைப் பதிவேடு கூறாது. வந்தவரை மட்டுமே அது அறியும்.

இவ்விடத்திலேதான் எண்ணின் பயன் தோன்றுகின்றது. நோயுற்ற ஒரு சிறுமியின் பெயரும் முகமும் தெரிந்தால் உதவிப் பணம் குவியும். வரிப்பணம் குறைந்து வைத்தியசாலைகள் சீர்கெட்டு, இன்னாரெனத் தெரியாத பலர் இறந்தால் எவரும் கண்ணீர் விடார் என 1968இல் அமெரிக்கப் பொருளியலாளர் தோமஸ் ஷெல்லிங் எடுத்துக்காட்டினார். முகமற்றோர்க்காகப் பேசக்கூடியது புள்ளிவிபரம் ஒன்றே. தலைக்கு ஒன்றாக, வருமானம் பாராது எண்ணப்படுமாயின் அவ்வெண்ணும் ஒருவகைக் கருணையே. அதனைக் கல்நெஞ்சரின் கலை என ஒதுக்குவோர், தம் இரக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரையே செல்வதை எண்ணிப் பார்த்தாரல்லர்.

மலேரியா இதற்கு உரைகல். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கிய 1934–35இல் அந்நோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. பின்னர் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது, 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. 17 பேருக்காக இவ்வளவு செலவா? 1964 அளவில் தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. தடுக்கப்பட்ட நோயாளிக்குப் பெயரில்லை, முகவரியில்லை. தனக்கு ஒரு நன்மை கிடைத்ததென்று அவனே அறியான். செலவு மட்டும் ஏட்டில் நிற்கின்றது.

2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோயைப் பரப்பும் நுளம்பு அழிந்துவிடவில்லை; வெளிநாடுகளிலிருந்து நோயோடு வருவோரும் உளர். இரத்தப் பரிசோதனையும் நுளம்பாய்வும் தொடர்ந்து நடைபெற வேண்டியுள்ளன. அவற்றுக்கான பணத்தைக் கேட்டுத் திறைசேரியின் முன் நிற்கும் அதிகாரி காட்டக்கூடிய சான்று, நோயாளர் தொகை என்ற நிரலில் உள்ள பூச்சியம்.