உடலின் செயலும் நம் வினையும்



சாமாயிகத்தில் அமர்ந்திருக்கும்பொழுது தும்மல் வருகின்றது; இருமல் எழுகின்றது; கொட்டாவி வாயைத் திறந்துவிடுகின்றது. முதுமையில் இவை மிகுதி. "என் உடலே எனக்கு அடங்கவில்லை, நான் அமர்ந்து என்ன பயன்?" என்று மனம் வருந்திப் பயிற்சியையே கைவிடும் முதியோர் நம்மிடையே உளர். அவ்வருத்தம் தேவைதானா என்பதை இங்கு ஆராய்வோம்.

கொதிக்கும் பாத்திரத்தில் விரல் பட்டால், சூடு என்று நாம் உணருமுன்பே கை விலகிவிடுகின்றது. தோலிலுள்ள நரம்பு செய்தியைத் தண்டுவடத்திற்குக் கொண்டு சேர்க்க, அங்கிருந்தே தசைக்கு ஆணை பிறக்கின்றது. மூளைக்குச் செய்தி சற்றுப் பிந்தியே எட்டுகின்றது. இதனை உடலியலார் அனிச்சைச் செயல் என்பர். முழங்காற் சில்லின் கீழே தட்டினால் கால் தானே எழுவதை எர்ப், வெஸ்ட்பால் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இருவர் 1875ஆம் ஆண்டில் தனித்தனியே விளக்கி எழுதினர். இன்றும் மருத்துவர்கள் சிறு சுத்தியலால் அவ்விடத்தைத் தட்டி நரம்பின் நலத்தை அறிகின்றனர். ஒளி பட்டதும் கண்மணி சுருங்குதல், தூசி நெருங்கியதும் இமை மூடுதல், மூச்சுக்குழலில் நீர் புகுந்தால் இருமுதல் ஆகியனவும் இவ்வினத்தனவே. எண்ணி முடிவு செய்யும் வரை காத்திருந்தால் விரல் வெந்துவிடும்; கண் புண்படும். ஆதலின் இக்காவல் நம் விருப்பத்திற்கு விடப்படவில்லை.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். காயோத்சர்க்கம் என்பது உடற்பற்றைத் துறந்து அசையாது நிற்கும் தவம். அதனை மேற்கொள்ளுமுன் ஓதப்பெறும் சுவேதாம்பர ஆவசியகப் பாடம் விலக்குகளை முதலிலேயே எண்ணிக் கூறிவிடுகின்றது. உள்மூச்சு, வெளிமூச்சு, இருமல், தும்மல், கொட்டாவி, ஏப்பம், வாயு பிரிதல், தலைச்சுற்றல், பித்த மயக்கம், உறுப்புகளின் நுண்ணசைவு, கோழையின் நுண்ணசைவு, பார்வையின் நுண்ணசைவு எனப் பன்னிரண்டு. இவை நிகழினும் தவம் குலைவதில்லை. உடலையே துறக்க நிற்பவரிடமும் உடலால் இயலாததை அறம் கேட்கவில்லை.

ஆயின், அனிச்சை என்னும் சொல்லுக்குள் நம் குற்றங்களை ஒளித்து வைத்தல் ஆகாது. கூவம் வளைந்தோடும் சிந்தாதிரிப்பேட்டையில் வாழும் நமக்குக் கொசுக்கடி புதிதன்று. கடித்தவுடன் கை வெடுக்கென விலகுவது உடலின் செயல். அடுத்த கணம் மறு கை ஓங்கி அறைகின்றதே, அது பழக்கத்தின் செயல். ஊதி விரட்டவும் அக்கைக்கு இயலும். வலை கட்டிக்கொள்ளவும் நமக்கு இயலும். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும் ஆசாரிய உமாசுவாமிகள், உயிர்க்கு ஊறு நேர்தலை மட்டும் கூறி அமையவில்லை. பிரமாதத்தால், அதாவது விழிப்பற்ற சோர்வால், அது நேர்தலையே இம்சை என்கின்றார். கை விலகியதில் சோர்வு இல்லை, அறைந்ததில் உண்டு.

பழக்கம் எவ்வாறு அனிச்சை போலத் தோன்றுகின்றது? நம் பேட்டையே அதற்குச் சான்று. 1734ஆம் ஆண்டில், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், நெசவாளர் குடியிருப்பாக அமைந்த ஊர் இது. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். தறியில் அமர்ந்தவர் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்து நாடாவை எறிவதில்லை. கையும் காலும் தாமே இயங்கும். ஆயினும் அவ்வியக்கம் பிறப்பில் வந்ததன்று. பலநாட் பயிற்சியில் வந்தது. சுடுசொல்லும் அத்தகையதே. "வாய் தவறி வந்துவிட்டது" என்கின்றோம். பலநாள் பழகிய வாயில்தான் அது தவறி வருகின்றது. பயிற்சியால் வந்ததைப் பயிற்சியால் மாற்றவும் கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரும்பலகையில் எழுத நாம் கையை உயர்த்தினாலே முகத்தை மறைத்துக்கொள்ளும் குழந்தைகளை ஆசிரியப் பணியில் கண்டிருக்கின்றோம். அவர்கள் எண்ணிச் செய்வதன்று அது. எங்கோ வாங்கிய அடியால் அவ்வுடல் அச்சத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. அந்த நடுக்கத்தில் குழந்தைக்கு வினை இல்லை. அடித்த கைக்கு உண்டு. நாம் வீட்டினுள் நுழையும்பொழுது பேரக்குழந்தையோ மருமகளோ பணிப்பெண்ணோ திடுக்கிடுகின்றனரா? அன்றைய பிரதிக்கிரமணத்தில் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது அதுவே.

ஆகவே முதியோர்களே, தும்மல் வந்தால் தும்முங்கள், சாமாயிகத்தை விட்டுவிடாதீர்கள். உடல் தன் கடமையைச் செய்துகொள்ளட்டும். அதன் பின்னர் எழும் சினத்தையும் சொல்லையும் கையையும் காப்பது நம் கடமை. நாளொன்றுக்கு ஒருமுறையேனும், மறுமொழி கூறுமுன் ஒரு மூச்சளவு பொறுத்துப் பழகுவோமாக.

அறம் வளர்க!