ஒரு படம் எடுத்துக்கட்டுமா?

பழவேற்காட்டுக்கு ஒருநாள் போய் வரலாம் என்று கிளம்புகிற வீடுகளில் ஒரு சின்ன பட்டிமன்றம் நடக்கிறது. அலமாரியில் தூங்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவதா, செல்போனே போதுமா? பெரும்பாலும் செல்போன்தான் ஜெயிக்கிறது. உலகத்தின் தீர்ப்பும் அதுதான். 2010-ல் ஜப்பானியக் கம்பெனிகள் விற்பனைக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது.

படத்தின் தரம்தான் கேள்வி என்றால் பதில் சுலபம். டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகள், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் வரிசையாக நிற்கும் படகுகள், சாயங்கால வெளிச்சம்... இதற்கெல்லாம் போன் தாராளம். தோளும் வலிக்காது.

சிக்கல் பூநாரையில் ஆரம்பிக்கிறது. குளிர்காலத்தில் கூட்டமாக வந்து, ஆழம் இல்லாத தண்ணீரில் தலைகீழாக அலகை விட்டுச் சலித்துச் சாப்பிடும் பறவை. போனின் வழக்கமான லென்ஸ் அகலமாகப் பார்ப்பதற்காகச் செய்தது. தூரத்துப் பறவையை விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளிப் புள்ளியாக ஒரு ரோஸ் கலர் கறைதான் மிஞ்சும். உடனே நாம் என்ன செய்வோம்? "அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்ட விடுங்க" என்போம் படகோட்டியிடம். லென்ஸ் எட்டாத தூரத்தை உடம்பு போய் எட்டுகிறது. பறவைகள் மொத்தமாக எழும்பும். நமக்கு அற்புதமான வீடியோ. அதற்கோ பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுப்பிய கதை.

ஆக, எந்தக் கருவி என்பது வெறும் வசதிப் பிரச்னை இல்லை. எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறோம் என்பதையும் அது சேர்த்தே முடிவு செய்கிறது.

மனுஷர்கள் விஷயத்தில் இது தலைகீழ். பெரிய கேமராவோடு குப்பத்துக்குள் நுழைந்தால் ஊருக்கே தெரியும். வலை பின்னுகிற பெரியவர் நிமிர்ந்து உட்காரலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், "வேணாம்பா" என்று சொல்லலாம். போனில் அந்த வாய்ப்பே அவருக்கு இல்லை. நாம் வாட்ஸ்அப் பார்க்கிறோமா, அவரை எடுக்கிறோமா என்று யாருக்குத் தெரியும்? ஜப்பானில் விற்கும் போன்களில் 'க்ளிக்' சத்தத்தை அணைக்க முடியாதபடி கம்பெனிகளே வைத்தது இதனால்தான். சட்டம் போட்டு அல்ல, தாங்களாகவே.

ஒளிந்து எடுப்பது போன் வந்த பிறகு வந்த பழக்கமில்லையே என்பீர்கள். நியாயம். புகைப்பட மேதை கார்த்தியே ப்ரெஸ்ஸோன் தன் லைகா கேமராவின் பளபளப்பு தெரியாமல் இருக்கக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டவர்தான். ஆனால் அவர் ஒருவர். இப்போது கறுப்பு டேப் நம் எல்லோர் பையிலும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இன்னொரு பொய்யும் உண்டு. "பிரிண்ட் போட்டு அனுப்பி வைக்கிறேன்!" ஃபிலிம் கேமரா ஆசாமிகள் ஊர் ஊராகச் சொல்லிவிட்டு வந்த பொய். ஆப்கானிஸ்தானத்து ஷர்பத் குலாவை ஸ்டீவ் மெக்கரி 1984-ல் பாகிஸ்தான் அகதி முகாம் ஒன்றில் படமெடுத்தார். 1985-ல் 'நேஷனல் ஜியாகரஃபிக்' அட்டையில் வந்து அந்தப் பச்சைக் கண்கள் உலகப் புகழ் பெற்றன. அந்தப் பெண் தன் படத்தை முதல் முறையாகப் பார்த்தது 2002-ல், அவரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு. பதினேழு வருஷம் உலகமே பார்த்த முகத்தை, முகத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் பார்க்கவில்லை.

போன் இந்த இடத்தில்தான் கேமராவைத் தோற்கடிக்கிறது. எடுத்த படத்தை அந்த நிமிஷமே காட்டலாம். பிடிக்கவில்லை என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழிக்கலாம். பிடித்திருந்தால் அவர் போனுக்கே அனுப்பலாம். படகில் போகிறவரிடமும் இன்று போன் இருக்கிறது. கடனை அங்கேயே தீர்த்துவிட்டு வரலாம். தீர்க்காமல் வந்தால், பிரிண்ட் கடைக்காரனைக் காரணம் சொல்ல முடியாது.

நமக்கு நாமே படுகிற கடனும் ஒன்று உண்டு. லிண்டா ஹென்கல் என்ற உளவியல் பேராசிரியை 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மியூசியத்தில் பொருள்களை முழுசாகப் படமெடுத்தவர்களுக்கு, சும்மா பார்த்தவர்களைவிட ஞாபகம் குறைவாக இருந்தது. ஆனால் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு ஞாபகம் அப்படிக் குறையவில்லை. குற்றவாளி கருவி அல்ல, கவனம் என்றுதான் எனக்குப் படுகிறது. 36 படம்தான் என்றிருந்த ஃபிலிம் ரோல் அந்தக் கவனத்தைக் கட்டாயப்படுத்தியது. போனில் நாமேதான் அதைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டும்.

எனவே பட்டிமன்றத் தீர்ப்பு: தாராளமாகப் போனையே கொண்டுபோங்கள். பூநாரையைக் கண்ணால் மட்டும் பாருங்கள், அது இருக்கும் தூரத்திலேயே. மனுஷர்களிடம் போனை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, தெரிகிற மாதிரி பிடித்து, "ஐயா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சும்மா ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். மீன் விலையாவது தெரியும்.